கல் என்று சொல்லி வைத்திருக்கும் கட்டி

கோப்பாய்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு 23 வயது. பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு. இரண்டு வருடமாகத் தலையிடி. படிப்பும் போனும்தான் காரணம் என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார்கள். ஒருநாள் இரத்ததான முகாமுக்குப் போனவரின் பிரஷர் 180/120 என்று இருந்ததால், இரத்தம் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு வைத்தியசாலையில் பார்த்தபோது இரத்தத்தில் பொற்றாசியம் 2.6, மிகக் குறைவு. கால்கள் சோர்ந்து படி ஏற முடியாமல் இருந்ததற்கும், இரவில் பலமுறை எழும்பிச் சிறுநீர் கழித்ததற்கும் அதுதான் காரணம் என்றார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் ஒன்றும் இல்லை. இரத்தத்தில் பிரஷரை ஏற்றும் சுரப்புகளான ரெனின், அல்டொஸ்ரெரோன் இரண்டுமே மிக அதிகம். இரண்டு மாதம் கழித்துச் செய்த சி.ரி. ஸ்கானில் இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 18 மில்லிமீற்றர் கட்டி தெரிந்தது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களில் அடைப்பு இல்லை. அநேகமாகத் தீங்கற்ற கட்டி, ஆனாலும் சத்திரசிகிச்சை செய்து அந்தப் பகுதியை அகற்ற வேண்டும் என்கிறார் நிபுணர்.

அம்மாவின் கேள்விகள் இவை. தீங்கற்றது என்றால் ஏன் வெட்ட வேண்டும்? ஊசி குத்திப் பார்த்து உறுதிப்படுத்தாமல் எப்படி ஒப்புக்கொள்வது? முதல் ஸ்கானில் இல்லாத கட்டி இரண்டு மாதத்தில் வந்ததென்றால் அது புற்றுநோய்தானே? முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிட்டால் பயமில்லை, சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்று கனடாவில் இருக்கும் மைத்துனர் சொல்கிறார், அது சரியா? கிணற்றுத் தண்ணீர் காரணமா? ஆவணியில் கலியாணப் பேச்சுக்கால் முடிவாக இருந்தது, இனி என்ன செய்வது? கடைசியாக ஒன்று: மகளுக்குச் ‘சிறுநீரகத்தில் கல்’ என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒப்பரேஷன் முடியும்வரை அப்படியே வைத்திருக்க வழி உண்டா?

அம்மா, நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஆனால் நோயைப் பற்றித் தெளிவில்லாமல் அதைப் பேச முடியாது. ஆகவே கட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

இது என்ன கட்டி?

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிகள் இலட்சக் கணக்கில் உள்ளன. ஒவ்வொரு வடியின் வாசலிலும் இருக்கும் சில கலங்கள், உள்ளே வரும் இரத்தத்தின் அழுத்தத்தை உணர்கின்றன. அழுத்தம் குறைந்தால் அவை ரெனினைச் சுரக்கும். ரெனினால் தூண்டப்படும் தொடர்வினை இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பியிலிருந்து அல்டொஸ்ரெரோனையும் வரவழைக்கிறது. அல்டொஸ்ரெரோன் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொற்றாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். அழுத்தம் சரியானதும் எல்லாம் அடங்கிவிடும். வீட்டுத் தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்தும் மிதவை போன்ற ஏற்பாடு இது.

உங்கள் பிள்ளைக்கு அந்தக் கலங்களிலிருந்தே ஒரு சிறு கட்டி வளர்ந்திருப்பதாகத்தான் வைத்தியர்கள் கருதுகிறார்கள். ரெனினோமா என்பார்கள். அது எந்தக் கட்டளைக்கும் அடங்காமல் ரெனினைச் சுரந்துகொண்டே இருக்கும். 1967 இல்தான் இது மருத்துவ ஏடுகளில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. மிக அரிதான கட்டி. பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலிருந்து முப்பதுகள் வரையானோருக்கு, அவர்களுள்ளும் பெண்களுக்குக் கூடுதலாக, வருகிறது. கடும் தலையிடி, இந்த வயதுக்குப் பொருந்தாத பிரஷர், குறைந்த பொற்றாசியம் ஆகிய மூன்றும் ஒன்றாக வருவது இதன் பொதுவான தோற்றம்.

இதே தோற்றத்தைத் தரும் வேறு நோய்களும் உண்டு. அதிரீனல் சுரப்பியிலேயே கட்டி இருந்தால் அல்டொஸ்ரெரோன் கூடும், ஆனால் ரெனின் அமுங்கிப் போகும். பிள்ளைக்கு இரண்டுமே கூடியிருப்பதால் அது அல்ல. சிறுநீரக நாடி சுருங்கினாலும் இரண்டும் கூடும். குழாய்கள் நன்றாக இருக்கின்றன என்று ஸ்கான் சொல்வதால் அதுவும் விலகுகிறது. இப்படி ஒவ்வொன்றாக விலக்கித்தான் உங்கள் வைத்தியர்கள் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கவனமாகச் செய்திருக்கிறார்கள்.

தொண்டை வலிக்கு அதிமதுரம் அவித்துக் கொடுத்ததாகவும், அதனால் வந்ததோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, பலருக்குத் தோன்றாதது. அதிமதுரத்தைத் தொடர்ந்து கூடுதலாகக் குடித்தால் உண்மையிலேயே பிரஷர் ஏறும், பொற்றாசியம் இறங்கும். ஆனால் அப்போது ரெனினும் அல்டொஸ்ரெரோனும் குறைந்திருக்கும். ஆகவே இது உங்கள் கையால் வந்த வினை இல்லை. இருந்தாலும் இனிமேல் பிள்ளைக்கு அதிமதுரம் சேர்ந்த எந்தக் கசாயமும் வேண்டாம்.

இளநீரும் கதலி வாழைப்பழமும் கொடுத்துப் பொற்றாசியத்தை ஏற்றலாம் என்று எழுதியிருப்பதில் பாதிதான் சரி. சிறுநீரில் போகும் வேகத்துக்கு உணவால் மட்டும் ஈடுகொடுக்க முடியாது. மறுபுறம், லொசார்ட்டன், ஸ்பைரனோலக்ரோன் போன்ற பிரஷர் குளிசைகள் பொற்றாசியத்தைத் தேக்கி வைப்பவை. அவற்றோடு தினமும் இரண்டு மூன்று இளநீர் சேர்ந்தால் அளவு மறுபக்கம் எகிறி இதயத் துடிப்பையே குழப்பிவிடலாம். கல் என்று நம்பி வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறாரா என்றும் பாருங்கள், அதிலும் பொற்றாசியம் நிறைய இருக்கிறது. எவ்வளவு கொடுக்கலாம் என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து கிளினிக்கில் சொல்வார்கள்.

கிணற்றைப் பற்றி. சுன்னாகப் பக்கம் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த பிறகு, எந்த நோய் வந்தாலும் தண்ணீரைச் சந்தேகிக்கும் மனநிலை எங்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது. அந்தக் கோபம் நியாயமானது. தண்ணீரைப் பரிசோதிப்பதும் நல்லது. ஆனால் இந்தக் கட்டிக்கும் குடிதண்ணீருக்கும் தொடர்பு எதுவும் கண்டறியப்படவில்லை. வவுனியாவிலும் வடமத்திய மாகாணத்திலும் பேசப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய் முற்றிலும் வேறு. பரம்பரையாக வரும் கட்டியும் அல்ல இது. பிள்ளையின் தம்பிக்கும் ஸ்கான் எடுக்கத் தேவையில்லை.

புற்றுநோயா?

முதல் ஸ்கானில் தெரியாதது இரண்டு மாதத்தில் முளைத்தது என்பது தவறான முடிவு. இந்தக் கட்டிகள் பெரும்பாலும் 3 சென்ரிமீற்றருக்கும் சிறியவை. அல்ட்ராசவுண்டில் சுற்றியுள்ள சிறுநீரகத்தோடு நிறம் ஒத்துப்போய் அடிக்கடி தப்பிவிடும். மருந்து ஏற்றாமல் எடுக்கும் சி.ரி. ஸ்கானில்கூடத் தப்பலாம். பிள்ளைக்குத் தலையிடி இரண்டு வருடமாக இருக்கிறதே, கட்டியும் அப்போதே இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முதல் ஸ்கான் எடுத்தவரைக் குறை சொல்ல இடமில்லை.

ரெனினோமா பரவியதாக விவரிக்கப்பட்டவை மிக மிகச் சில. அகற்றினால் திரும்ப வருவதும் மிக அரிது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில சிறுநீரகப் புற்றுநோய்களும் எப்போதாவது ரெனினைச் சுரக்கும். ஸ்கானை மட்டும் வைத்து நூற்றுக்கு நூறு என்று யாரும் எழுதித் தர முடியாது. அகற்றிய கட்டியை நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகுதான் கடைசி வார்த்தை. அந்த அறிக்கை வரச் சில வாரங்கள் ஆகலாம். இடையில் யாராவது தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவின் அபிப்பிராயம் கேட்போம் என்று சொன்னால் அதைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். அரிதான கட்டி என்றால் இன்னொரு நிபுணரின் கண்ணும் படுவது நல்லதுதான்.

அப்படியானால் ஊசி குத்தி முன்பே பார்க்கலாமே என்கிறீர்கள். ஊசி குத்தினால் பரவும் என்று பக்கத்து வீட்டில் சொன்னது இங்கே காரணமல்ல, இன்றைய முறைகளில் அப்படி நடப்பது மிக அரிது. காரணங்கள் வேறு. பிரஷர் இவ்வளவு உயர்ந்திருக்கும்போது சிறுநீரகத்தில் ஊசி குத்தினால் இரத்தம் கசியும் ஆபத்து கூடும். அதைவிட, முடிவு எதுவாக வந்தாலும் செய்யப்போவது ஒன்றுதான். ரெனின் சுரக்கும் தீங்கற்ற கட்டி என்றாலும் அதை அகற்ற வேண்டும், 18 மில்லிமீற்றர் புற்றுநோய் என்றாலும் அதே பகுதி அகற்றல்தான் அதற்கும் சிகிச்சை. சிகிச்சையை மாற்றாத பரிசோதனைக்காகப் பிள்ளையை ஆபத்துக்கு உட்படுத்தத் தேவையில்லை.

உங்கள் ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்குச் சிறுநீரகத்தில் கொழுப்புக் கட்டி இருந்தும் வெட்டாமல் வருடம் ஒருமுறை ஸ்கான் மட்டும் எடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆன்ஜியோமயோலிப்போமாவாக இருக்கலாம். அதற்குள் இருக்கும் கொழுப்பை ஸ்கானிலேயே அடையாளம் காணலாம். சிறிதாகவும் தொந்தரவு இல்லாமலும் இருந்தால் கண்காணித்தால் போதும். 4 சென்ரிமீற்றரைத் தாண்டினால், அல்லது இரத்தம் கசிந்தால், சிகிச்சையை யோசிப்பார்கள். அந்தக் கட்டி சும்மா கிடக்கிறது. உங்கள் பிள்ளையின் கட்டியோ தீங்கற்றது என்ற பெயரோடு இதயத்தையும் மூளையையும் கண்ணின் விழித்திரையையும் நாளாந்தம் தாக்கிக்கொண்டிருக்கிறது. வெட்டச் சொல்வது அது புற்றுநோயாக மாறும் என்பதற்காக அல்ல. 23 வயதில் 180/120 பிரஷரோடு ஒருவரை வருடக் கணக்கில் விட்டுவைக்க முடியாது என்பதற்காக.

குளிசையோடே காலத்தைக் கொண்டுபோகலாமா என்றால், சில காலம் முடியும். அது சத்திரசிகிச்சைக்கு ஆயத்தம் செய்யும் காலம். வாழ்நாள் முழுக்க என்றால் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை அகற்றி நோயையே தீர்க்கக்கூடிய உயர் இரத்த அழுத்தம் மிகச் சிலருக்குத்தான் வாய்க்கும், உங்கள் பிள்ளை அவர்களில் ஒருவர்.

முழுச் சிறுநீரகமா, பகுதியா?

மைத்துனர் அக்கறையால்தான் சொல்கிறார். ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழ்பவர்கள் உண்டு என்பதும் உண்மை. ஆனால் சிறுநீரகம் தானம் செய்பவர்களை, பிரஷர் உட்பட எல்லாம் பரிசோதித்துப் பொறுக்கி எடுக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் இரண்டு சிறுநீரகங்களும் ஏற்கெனவே உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கிவந்தவை. இன்னும் பல பத்தாண்டுகள் வாழவேண்டியவர். அதற்குள் பிள்ளைப்பேறு வரும், சலரோகம் வரலாம், கல்லும் வரலாம். இழக்கத் தேவையில்லாத சிறுநீரகப் பகுதியில் ஒரு துண்டைக்கூட இழக்கக் கூடாது. கட்டியையும் அதைச் சுற்றிய மெல்லிய விளிம்பையும் மட்டும் எடுத்து மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் சரி. உங்கள் நிபுணரோடு நான் முழுதும் உடன்படுகிறேன்.

பகுதி அகற்றல் முழு அகற்றலைவிட நுட்பமான வேலை. கட்டியை வெட்டும்போது இரத்தம் கொட்டாமல் இருக்கச் சிறுநீரக நாடியைச் சற்றுநேரம் கவ்வியால் பிடித்திருப்பார்கள். அரை மணிக்குள் வெட்டித் தைத்து விடுவிக்க முயல்வார்கள். கட்டி உள்ளே புதைந்திருந்தால் மேசையில் வைத்தே ஸ்கான் கருவியால் தேடுவார்கள். வயிற்றைத் திறந்தும் செய்யலாம், சிறு துளைகள் வழியாகவும் செய்யலாம். தழும்பின் நீளத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், செய்பவருக்கு நன்றாகப் பழகிய முறையே பிள்ளைக்குப் பாதுகாப்பானது.

ஆபத்துகள் உண்டு: இரத்தப்போக்கு, தைத்த இடத்தால் சிறுநீர் கசிதல், தொற்று. மிகச் சிலருக்கு இரத்தம் கட்டுப்படாமல் முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க நேரலாம். சம்மதப் படிவத்தில் அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் எழுதுவது அது. வீட்டுக்கு வந்து ஓரிரு வாரம் கழித்துத் திடீரென்று சிறுநீர் இரத்தமாகப் போவதும் நடக்கலாம். வெட்டிய இடத்தில் ஒரு சிறு நாடி வீங்கி வெடிப்பதால் வருவது அது. இரத்தக் குழாய் வழியாக அடைத்துச் சரிசெய்யலாம், ஆனால் உடனே வைத்தியசாலையில் இருக்க வேண்டும்.

சென்னையா யாழ்ப்பாணமா என்பதற்கும் பதில் இதற்குள் இருக்கிறது. இன்னொரு நிபுணரின் அபிப்பிராயம் கேட்பது உங்கள் உரிமை. சி.ரி. ஸ்கானின் சி.டி.யையும் அறிக்கைகளையும் கேட்டு வாங்கிக் கொழும்பிலோ சென்னையிலோ காட்டுங்கள், எந்த நல்ல வைத்தியரும் கோபிக்கமாட்டார். ஆனால் செய்யும் இடத்தைத் தீர்மானிக்க முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். செய்பவர் பகுதி அகற்றலை வழமையாகச் செய்பவரா? தீவிர சிகிச்சைக் கட்டில் ஒதுக்குவார்களா? இரத்த வங்கியில் இரத்தம் ஆயத்தமா? வீட்டுக்கு வந்தபின் இரத்தம் போனால் யார் பார்ப்பார்? சென்னையில் செய்துவிட்டுப் பத்தாம் நாள் கோப்பாய்க்கு வந்த பிள்ளைக்கு அது நடந்தால், இங்குள்ள வைத்தியர் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். போதனா வைத்தியசாலையில் செலவில்லாமல் செய்ய நிபுணர் ஆயத்தமாக இருக்கும்போது காணியை ஈடு வைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர் தன்னால் முடியும் என்று சொல்லும்போது அந்தத் தேவை எனக்குத் தெரியவில்லை.

எங்கே செய்தாலும், அதற்கு முன் சில வாரங்கள் பிரஷரை இறக்கிப் பொற்றாசியத்தை ஏற்ற வேண்டும். இதயத்தின் எக்கோவும் கண் பரிசோதனையும் செய்திருக்க வேண்டும். ‘ஏன் உடனே செய்கிறார்கள் இல்லை’ என்று பதற வேண்டாம், இந்தத் தாமதம் பிள்ளையின் பாதுகாப்புக்கே.

மகளுக்குச் சொல்வது

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: “குளிசையைச் சில நாள் மறந்துவிடுகிறாள், சோதினைக் காலம்தானே.” அம்மா, அவர் மறப்பது சோதினையால் மட்டும் இருக்காது. தனக்கு இருப்பது கல் என்று நம்பும் பிள்ளை பிரஷர் குளிசையை ஏன் முக்கியமாக நினைக்கப் போகிறார்? நீங்கள் அன்பால் சொன்ன பொய்தான் இன்று அவருடைய பிரஷரை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. பிரஷருக்குக் கொடுக்கும் பீற்றா வகைக் குளிசைகளைத் திடீரென்று விட்டால் இருந்ததைவிட மேலே எகிறவும் கூடும்.

18 வயது தாண்டியவர் அவர். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் அவரே, நீங்களோ மைத்துனரோ அல்ல. என்ன நோய், என்ன வெட்டுகிறார்கள், என்ன நடக்கலாம் என்று தெரியாமல் வைக்கும் கையெழுத்து சம்மதமாகாது. மறைக்கச் சொல்லி நீங்கள் கேட்டாலும் சத்திரசிகிச்சை நிபுணர் அதற்கு உடன்படக் கூடாது. அதோடு, அந்த வார்ட்டில் கட்டில் தலைமாட்டில் கிடக்கும் பதிவைப் படிக்கத் தெரியாத பிள்ளையா பல்கலைக்கழக இறுதி ஆண்டில் படிக்கிறார்? ஒருவேளை இணையத்தில் ஏற்கெனவே தேடிவிட்டு, நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று அவரும் பேசாமல் இருக்கலாம்.

எப்படிச் சொல்வது என்று தடுமாறினால் இப்படித் தொடங்கலாம்: “பிள்ளை, கல் என்று நாங்கள் சொன்னது சரியில்லை. பயத்தில் சொல்லிப்போட்டம். ஒரு சின்னக் கட்டி இருக்கு. அதுதான் பிரஷரை ஏத்துது. எடுத்தால் சுகம் வரும் எண்டு டொக்டர் சொல்லுறார்.” இதற்குமேல் மருத்துவத்தை நீங்கள் விளக்கத் தேவையில்லை. அடுத்த கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்து போங்கள், கேள்விகளை அவர் கேட்கட்டும். அவர் அழலாம், உங்களோடு கோபிக்கலாம். இரண்டுக்கும் இடம் கொடுங்கள்.

கலியாணமும் பிள்ளைப்பேறும்

சத்திரசிகிச்சை கலியாணத்துக்கோ தாய்மைக்கோ தடையல்ல. தடை இப்போதுள்ள நிலைதான். இந்தக் கட்டியோடும் இந்தப் பிரஷரோடும் கருத்தரிப்பது தாய்க்கும் சிசுவுக்கும் பெரும் ஆபத்து. லொசார்ட்டன், எனலாப்ரில் போன்ற, இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்யும் குளிசைகள் கருவிலுள்ள பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆகவே ஆவணியை விட்டுவிடுங்கள். சத்திரசிகிச்சை முடிந்து, பிரஷர் நிலைப்பட்டு, வைத்தியர் சரி என்ற பிறகு நாள் பார்க்கலாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு எதை, எப்போது சொல்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். என்னைக் கேட்டால், மறைத்து முற்றாக்கும் கலியாணத்தைவிடச் சொல்லித் தள்ளிப்போகும் கலியாணம் நல்லது என்பேன்.

சத்திரசிகிச்சைக்குப் பின் பெரும்பாலானோருக்கு ரெனின் விரைவில் இறங்கும், சில நாட்களிலோ வாரங்களிலோ பிரஷரும் வழமைக்கு வரும், குளிசைகளை ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். நீண்டகாலம் உயர்ந்த அழுத்தம் இருந்ததால் குழாய்கள் தடித்துப்போன சிலருக்கு ஒரு குளிசை தொடர்ந்து தேவைப்படலாம். அப்படி ஆனால் ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனாலும் பிரஷரை வருடா வருடம் பார்க்க வேண்டும். கருத்தரித்தால் முதல் கிளினிக்கிலேயே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

அதுவரை வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று இருக்கட்டும். மேற்கையில் கட்டும் வகையே நல்லது. காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்துவிட்டுப் பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். பார்வை மங்கல், வாந்தியோடு கடும் தலையிடி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்தல், நெஞ்சு படபடத்து மயக்கம் வருதல் ஆகியவற்றில் எது வந்தாலும், இரவு இரண்டு மணியானாலும், 1990 இற்கு அழைத்து அம்புலன்சில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.